மேல, நடு, கீழ

– மேலடீ! மேல தள்ளுன்னா கீழ தள்ளிக்கினு ஒக்காந்திருக்கியே, காது செத்துப் போச்சா உனக்கு?

– கேக்கல மாமா. நேத்து நீ அறஞ்ச காதுதான் உன் பக்கம் கீது.

– அப்ப அந்தாண்ட காத திருப்பிக் கேளு. அந்த லீவருக்கு மூணே எடம்தான். மேல, நடு, கீழ. மேல தள்னா இந்தக் காரு எழுந்து நிக்கும். கீழ தள்னா சேத்துல எரும படுக்கற மாதிரி தரையோட தரையா படுத்துக்கும். கொழந்தைக்குச் சொன்னாக்கூட புரியும்.

– கொழந்தைய நீ எங்க தங்க வுட்ட, புரியுதான்னு கேக்கறதுக்கு?

– ஆரம்பிச்சிட்டியா? வேல நேரத்துல ஒப்பாரி வைக்காத. தள்ளு மேல. ம்... அப்படித்தான். பின்பக்கம் எழுவுது பாரு. இப்ப முன்பக்கம். புதுக் குண்டு ரெண்டும் நல்லாத்தான் தாங்குது.

– எது மாமா குண்டு?

– சக்கரத்துக்குப் பக்கத்துல உருண்டையா கீதே, அதான். மத்த வண்டிக்கெல்லாம் பட்டை ஸ்பிரிங்கு. இதுக்கு அந்தக் குண்டும் எண்ணெயும்தான். இஞ்சின் ஓடுனா பம்பு எண்ணெய அடிக்கும், வண்டி நிக்கும். இஞ்சின் நின்னா உடனே படுத்துக்கும். எண்ணெய தேக்கி வைக்கற பெரிய குண்டு ஒண்ணு செத்துக் கெடக்குது, அதுக்கு பாண்டிச்சேரில கூட சாமான் கெடைக்கல. வண்டிய வச்சிருக்கற மில்லுக்காரன், ஓடற வரைக்கும் ஓட்டு போதும்னுட்டான்.

– நாளைக்கேவா வேணுமாம்?

– காலையிலயே வேணுமாம். விழுப்புரம் கோர்ட்டுக்கு இதுலதான் போய் எறங்கணுமாம், தொர. எவனோ பிரெஞ்சுக்காரன் வுட்டுட்டுப் போன பழச வாங்கி வச்சிக்கினு என் உசுர வாங்கறான். திண்டிவனத்துல எவனும் இதத் தொடமாட்டேன்ட்டான், தெரியுமா? நான் ஒருத்தன்தான். செரி, தீப்பெட்டிய குடு. ஒரு பீடி இழுத்துட்டு உள்ள போறேன்.

– தீப்பெட்டி நமுத்துப் போச்சு மாமா. நேத்து மழைக்கு ஒழுவி, ஒரு குச்சி கூட பத்தல.

– தரித்திரம். அது இன்னாடி உன் மேல இப்படி பெட்ரோலு நாத்தம் அடிக்குது?

– குளிச்சிப் பாத்தேன். போவல.

– ஷெட்டுல பொழங்குனா அப்படித்தான் நாறும். செரி, நான் உள்ள போறேன். பைப்பு ஜாயிண்டு ஒழுவுதான்னு பாக்கணும். இஞ்சின் ஓடட்டும், நீ லீவர் மேல இருந்து கைய எடுத்துடு.

– கல்லு ஒண்ணு முட்டுக் குடுத்துக்கயேன் மாமா.

– கல்லு எவன் சொமக்கறது? ஒரு ஸ்பேனரு திருப்பற வேல.

– ஜாக்கியாவது வையி.

– ஜாக்கி ஸ்டேஷன்ல கெடக்குது. உன் தம்பி இதுக்கு அடியில செத்த அன்னிக்கு எடுத்துக்கினு போனானுங்க, கேஸு முடிஞ்சாத்தான் தருவானுங்களாம். செத்தும் பேஜாரு பண்றான்... ஏய், வெளிச்சத்த மறைக்காத. கால உள்ள வை.

– வச்சிட்டேன்.

– ம். ஜாயிண்டுலதான் ஒழுவுது. நெனச்சேன். சொட்டு சொட்டா மூஞ்சிலயே வுழுவுது.

– மாமா.

– இன்னா?

– இந்த சீட்டுல நான் இன்னிக்குத்தான் மொத மொத ஒக்கார்றேன்.

– அதுக்கு ஆரத்தி எடுக்கணுமா?

– இங்க ஒக்காந்து பாத்தாத்தான் தெரியுது. லீவரு இங்க, சீட்டாண்ட கீது. நீ அங்க வண்டி வயித்துக்கு அடியில, நடுவுல கெடக்கற. உன் கை இங்க எட்டுமா?

– பைத்தியமாடி நீ? எப்படி எட்டும்?

– எட்டாது இல்ல?

– எட்டாதுன்றேன் இல்ல!

– அப்ப என் தம்பி மாயவனுக்கு மட்டும் எப்படி மாமா எட்டுச்சு?

– இரு, நட்டு திருப்பிக்கினு கீறேன்.

– மாமா? ஸ்பேனரு சத்தத்தையே காணோம்.

– அவன்... கீழ இழுத்துட்டு அப்புறம் உள்ள போனான். ஸ்டேஷன்லயே சொன்னனே.

– இழுத்தா வண்டி படுத்துக்கும்னு இப்பத்தான் சொன்ன. படுத்த வண்டிக்கு அடியில எலி கூட பூராது. என் தம்பி எப்படிப் பூந்தான்?

– அம்சா, நான் வெளிய வந்தேன்னு வையி, இந்த ஸ்பேனரு உன் மண்டையிலதான்.

– வாயேன்.

– வர்றேன்டி, இரு... ஏய்! ஏய்! எறங்குது! மேல தள்ளு!

– கேக்கல மாமா.

– மேல! நெஞ்சுல ஏறுது! ஐயோ, கை பைப்புல மாட்டிக்கிச்சு! மேலடீ!

– கத்தாத. கீழ தள்ளல. நடுவுலதான் வச்சிருக்கேன். கீழன்னு இன்னும் ஒரு எடம் பாக்கி கீது.

– மூச்சு... மூச்சு முட்டுது அம்சா.

– பேச்சு வருது இல்ல? பேசு.

– யாருனா வாங்கய்யா! ஐயோ, யாருனா!

– ஞாயித்துக்கெழம சாயங்காலம் மாமா. ஊரே டி.வி. பொட்டி முன்னாடி படம் பாத்துக்கினு கீது. பஞ்சர் கடையும் பூட்டு. வருசக் கணக்கா ராவெல்லாம் நான் கத்துனனே, அது யாருக்குக் கேட்டுச்சு? உனக்கு மட்டும் வந்துடுவாங்களா?

– இன்னாதான் வேணும் உனக்கு?

– மாயவன் எப்படி செத்தான்?

– விபத்துடீ... சாமி சத்தியமா...

– சாமிய வுடு. என் கை லீவர் மேலதான் கீது.

– சொல்றேன்! சொல்றேன், கைய எடு! அவன்தான் வம்பு பண்ணான். உன் ஒடஞ்ச கையப் பாத்துட்டு வந்து, அடியில படுத்துக்கினே பேசறான். அக்காவ நம்ம ஊரு பொம்மையார்பாளையத்துக்குக் கூட்டிக்கினு போறேன், வல இழுத்தாவது சோறு போடறேன்றான். என் பொண்டாட்டிய! என் ஷெட்டுல படுத்துக்கினு!

– அதுக்கு?

– பயம் காட்டலாம்னுதான் எறக்குனேன். கொல்றதுக்கு இல்ல.

– அவன் இன்னா சொன்னான்?

– மாமா, மேலன்னான்.

– எத்தினி வாட்டி சொன்னான்?

– சொல்லிக்கினே இருந்தான்.

– நீ இன்னா பண்ண?

– பீடி பத்த வச்சேன். அது முடியட்டும், அப்புறம் தூக்கலாம், அதுவரைக்கும் கெடந்து புத்தி வரட்டும்னு... பீடி முடியறதுக்குள்ள சத்தம் நின்னுடுச்சு.

– ஒரு பீடி.

– தெரியாம போச்சுடீ. உன் கால்ல வேணா வுழறேன்.

– பாவி! கடல வுட்டுட்டு வந்தான்யா அவன். நான் உங்கிட்ட அடி வாங்கறது தெரிஞ்சி, கரையில இருக்க முடியாம உன் ஷெட்டுக்கு வேலைக்கு ஓடி வந்தான். கடல்ல செத்திருந்தாக்கூட எங்கம்மாளுக்கு மொகம் கெடச்சிருக்கும். நீ அதையும் நசுக்கிக் குடுத்த. துணிய வெலக்காதீங்கன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. எங்கம்மா துணிக்குத்தான் முத்தம் குடுத்தா.

– தூக்கு அம்சா. உனக்குப் புண்ணியமா போவும். நெஞ்செலும்பு ஒடயுது.

– ஸ்டேஷன்ல ஏட்டு உன் பேரு கேட்டாரு. புருசன் பேர எப்படி வாயால சொல்றதுன்னு உன் பக்கம் கைய காட்டிட்டு நின்னேன். இன்னிக்கு சொல்லுவேன். தாண்டவராயன். கேக்குதா? தாண்டவராயன் என் தம்பியக் கொன்னான்னு சொல்லுவேன். நீயும் கூட வந்து உன் வாயால சொல்லணும்.

– சொல்றேன். இன்னிக்கே வந்து சொல்றேன்.

– பீடி கதையும் சொல்லணும்.

– எல்லாம் சொல்றேன். மேல தள்ளு.

– கீழ தள்ள எவ்ளோ நேரம் ஆவும் எனக்கு? ஆனா நான் நீ இல்ல. செத்துட்டா நீ யாருக்குச் சொல்லுவ? நீ உசுரோட வேணும் எனக்கு. இந்தா, மேல தள்ளிட்டேன்.

– ம்... எழுவுது... இன்னும் கொஞ்சம், கை வந்துடும்...

– இஞ்சின் இன்னா மாமா இருமுது?

– ஐயையோ. மிதி! ஆக்சிலேட்டர மிதி!

– மிதிக்கிறேன், அடங்குது மாமா. நின்னுடுச்சு!

– பெட்ரோலு... பெட்ரோலு தீந்துடுச்சு!

– முள்ளு பாதிக்கு மேல காட்டுதே.

– முள்ளு எப்பவோ செத்துப் போச்சுடீ! மில்லுக்காரன் பெட்ரோல நேத்து நான்தான் டியூப் போட்டு உறிஞ்சிட்டேன். வேலைக்குன்னு கொஞ்சூண்டு வுட்டேன்... எறங்குது அம்சா! மறுபடி எறங்குது!

– சாவி திருப்பறேன், எடுக்கல. இன்னா பண்ணட்டும்? சொல்லு மாமா, இன்னா பண்ணட்டும்?

– பழைய டயரு குமிக்கு அந்தாண்ட... நீல டின்னு... அதுலதான் ஊத்தி ஒளிச்சி வச்சேன். ஓடு! கொண்டாந்து ஊத்து! ஜல்தி!

– நீல டின்னா?

– அதான், அதான்! நெறைய கீதுடீ, ஓடு! அம்சா, மேல... மேல...

– அதுல இப்ப ஒண்ணும் இல்ல மாமா. நேத்து நீ அறஞ்சிப் போட்டுட்டுத் தூங்குனப்புறம், அத்தனையும் என் தலையில ஊத்திக்கினேன். தீப்பெட்டிதான் நமுத்துப் போயிருந்துச்சு.