அறுபத்தெட்டு சதவீதம்

இருந்தவர்கள் இருவர். இடம், கச்சிராயபாளையம் பெருமாயி ஜெராக்ஸ் கடை. கடைக்காரன் ராஜேஷ் மேசைக்குப் பின்னால், மடியில் பரீட்சை அட்டையும் வெள்ளைத் தாளுமாக உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி நர்மதா, ஆராய்ச்சி மாணவி, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் கட்டின்மேல்.

நர்மதா: எது வரைக்கும் வந்த?

ராஜேஷ்: 'மதிப்பிற்குரிய ஐயா' வரைக்கும்.

நர்மதா: இன்னும் ஐயாவையே எழுதிக்கினு இருக்கியா மாமா?

ராஜேஷ்: எழுத்து அழகா வரணும் இல்ல? உன் எழுத்த அனுப்பினா, அத்தப் படிக்கவே இன்னொரு ஆராய்ச்சி பண்ணணும்.

நர்மதா: சரி, எழுது. 'தங்கள் பல்கலைக்கழக மென்பொருள் என் ஆய்வேட்டைச் சோதித்து, அதில் அறுபத்தெட்டு சதவீதம் வேறோர் இணையதளத்தில் இருப்பதைப் பார்த்து எழுதியது என்று...'

ராஜேஷ்: மெதுவா, மெதுவா... இத்தையும் கம்ப்யூட்டர்லயே அனுப்பக் கூடாதா?

நர்மதா: ஆய்வேடு ஆன்லைன், ஃபீஸ் ஆன்லைன். விளக்கம் மட்டும் கையெழுத்துப் போட்டு பதிவுத் தபால்ல வரணுமாம்.

ராஜேஷ்: அவங்க ஒத்துக்கலன்னா?

நர்மதா: பட்டம் இல்ல. ஆறு வருசம் கல்வராயன் மலைல சாமைக் காடா சுத்தினது அம்புட்டும் வீண். மேல எழுது, 'ஆனால் அந்தத் தளத்தில் இருப்பதும் என் எழுத்தே. நான் தங்களுக்கு அனுப்பும் முன்பே யாரோ ஏற்றியிருக்கிறார்கள். நான் என்னிடமிருந்தே திருடியதாக...' வாணாம், கடைசி வரிய அடிச்சிடு.

ராஜேஷ்: நல்லாத்தானே இருக்குது.

நர்மதா: அடி மாமா.

ராஜேஷ்: 'ஏற்றியவர் யாரென்று தெரியவில்லை'ன்னு முடிச்சிடலாமா?

நர்மதா: யாரு, எதுக்குன்னு ரெண்டும் கேட்டிருக்காங்க. தெரியலன்னா நான்தான் திருடின்னு ஆயிடும்.

ராஜேஷ்: டீ சொல்லட்டுமா?

நர்மதா: இப்பதானே குடிச்சோம்.

ராஜேஷ்: பேனால மை வேற...

நர்மதா: கடை பூரா பேனா தொங்குது.

ராஜேஷ்: நர்மதா... நான்தான்.

நர்மதா: இன்னா நீதான்?

ராஜேஷ்: ஏத்தினது. போன வருசம் பிரிண்ட் போடச் சொல்லி பென்டிரைவ் குடுத்த இல்ல... அதுல இருந்து.

நர்மதா: எதுக்கு?

ராஜேஷ்: காப்பி கீப்பி இருக்குதான்னு செக் பண்ண.

நர்மதா: அது செக் பண்ற சைட் இல்ல. சொல்லு மாமா.

ராஜேஷ்: இங்கிலீசுல போட்டா தமிழ்ல மாத்தித் தரேன்னு போட்டிருந்தான். ஓசில. ஊருக்கே தெரியற மாதிரி வெச்சிடுவான்னு நான் இன்னாத்தக் கண்டேன்... தெனமும் நீ எழுதற, நான் பிரிண்ட் போடறேன். உள்ள இன்னா இருக்குதுன்னு மட்டும் தெரியாது.

நர்மதா: கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.

ராஜேஷ்: பத்தாவது ஃபெயிலு. கேக்க ஒரு மாதிரியா இருந்திச்சி.

நர்மதா: படிச்சியா? புரிஞ்சிதா?

ராஜேஷ்: எங்க... சாமைய சின்னச் சோளம்னு மாத்தி வெச்சிருக்கான். ஆனா முதல் பக்கத்துல, விதை குடுத்தவங்கன்னு எங்கம்மா பேர எழுதியிருக்க பாரு, பெருமாயின்னு... அது மட்டும் தப்பில்லாம வந்துச்சி. அம்மா போனப்புறம், அவங்க பேர இந்தக் கடை போர்டு விட்டா அங்கதான் பாத்தேன்.

நர்மதா: அந்த 'யாரோ' வரிய அடிச்சிட்டு எழுது. 'என் கணவர் என் ஆய்வைத் தமிழில் படிக்க ஆசைப்பட்டு, விவரம் அறியாமல் ஏற்றிவிட்டார்.'

ராஜேஷ்: சிரிப்பாங்க புள்ள.

நர்மதா: சிரிச்சிட்டு ஒத்துக்கட்டும். எனக்குக் கீழ நீயும் கையெழுத்துப் போடு.

ராஜேஷ்: ...போட்டாச்சி. இரு, கவருக்குக் கோந்து நான் தடவறேன். அந்தச் சைட்ல இருந்தும் இப்பவே எடுத்திடட்டுமா?

நர்மதா: இப்ப வாணாம். அவங்க ஒரு தடவ பாக்கட்டும், அப்புறம் எடு. நட தபாலாபீசுக்கு, மூடிடப் போறாங்க.

ராஜேஷ்: சார், பதிவுத் தபால் ஒண்ணு... ஆங், பல்கலைக்கழகத்துக்குத்தான்... ரசீது குடுங்க சார்... இந்தா, பத்திரமா வெச்சிக்க. ஏண்டி, நான்தான்னு சொன்னப்ப ஒனக்குத் தூக்கிவாரிப் போடலயே?

நர்மதா: அந்தப் பக்கத்துல, ஏத்தினவர் 'பெருமாயி ஜெராக்ஸ்'னு கொட்டை எழுத்துல இருக்குது. போன வாரமே பாத்துட்டேன்.

ராஜேஷ்: பாத்துட்டா ஒரு வாரமா கம்முனு இருந்த?

நர்மதா: அதுக்குக் கீழயே, ஏத்தினவர் எத்தினி தடவ தொறந்து படிச்சிருக்காருன்னும் போட்டிருந்திச்சி மாமா. நாப்பத்து மூணு தடவ. எங்க கைடே ஒரு தடவதான் படிச்சாரு. அத்தப் பாத்தப்புறம் ஒன்ன எப்படித் திட்டறது?