சாயம் விடாத நாற்பது பேனாக்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் திருமலைசாமி ஐயா அவர்களே! அல்லும் பகலும் எழுத்தறிவித்த ஆசிரியப் பெருமக்களே! துடியலூரின் மூத்தோர்களே! களைக்கொத்து பிடித்த கையால் எழுத்தையும் பிடித்துக்காட்டிய தாய்மார்களே! கடைசல் பட்டறைக்காரன் வரதராஜுலுவின் வணக்கம்.

இந்தத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், எழுதப் படிக்கத் தேர்ந்த நாற்பது தாய்மார்களுக்கும் வேலமரப் பேனா தருகிறோம். கடைந்தவன் நான். கைதட்டுகிறீர்களா? பொறுங்கள்! கடைந்தால் வடிவம் வரும். வண்ணமும் வழவழப்பும் வந்துவிடுமா? அவற்றைத் தந்தவர், எங்கள் பட்டறையில் சாயமும் மெருகும் ஏற்றும் சகோதரி ஜெபராணி.

பத்து நாளைக்கு முன், செக்கச்சிவந்த சாயமும் மெழுகுப் பூச்சுமாக நாற்பதும் மின்னின. எழுதிப் பார்க்க வந்தார், இந்த நாற்பது பேரில் ஒருவரான ராசாத்தாள் அம்மாள். களை வெட்டிய கை, காயாத வியர்வை. பேனாவைப் பிடித்துத் தன் பெயரை எழுதினார். ஐயகோ! உள்ளங்கை சிவப்பு, தாள் சிவப்பு, எழுதிய பெயரும் சிவப்புக் கறைக்குள் மறைந்தது!

“என்ற கையே ஆகாதுங்க. இதுக்கெல்லாம் நான் லாயக்கில்லீங்க” என்று எழுந்துவிட்டார்.

“உக்காருங்கக்கா. உங்க கையில என்னங்க தப்பு? என்ற சாயத்துலதான் தப்பு” என்றார் ஜெபராணி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இன்னொரு கை மெழுகு போட்டுக் குடுத்தரலாம் அம்மணி” என்றேன். சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள், சொன்னவன் நான்தான்.

“வேண்டாங்கண்ணா. வேலை செய்யற கை வேர்க்கத்தானுங்க செய்யும்” என்றவர், நாற்பதையும் உப்புத்தாளால் தேய்த்தார். கடுக்காய் நீர் பூசினார். அது காய்ந்ததும் துரு ஆணி ஊறிய நீரைப் பூசினார். மரத்துக்குள்ளேயே கருமை ஊறியது! ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஏழு முறை ஏற்றினார். ஒவ்வொரு முறையும் உலரவிட்டு உலரவிட்டு ஏற்றினார்.

நேற்று மாலை ராசாத்தாள் அம்மாளை மறுபடி அழைத்தோம். வயலிலிருந்து வந்த கையோடு எழுதினார். தாளில் கறையில்லை, கையில் கறையில்லை. பெயர் மட்டும் பளிச்சென்று நின்றது.

எழுந்து போவார் என்று பார்த்தால், போகவில்லை.

“கண்ணு, உன்ற பேரு எப்படி எழுதோணும்?”

“முதல்ல ஒத்தக்கொம்பு போடுங்கக்கா...”

தன் பெயருக்குக் கீழே ‘ஜெபராணி’ என்று எழுதினார். அந்தத் தாளை அப்போதே மடித்து எடுத்துக்கொண்ட சகோதரி ஜெபராணி, இன்னும் என் கையில்கூடத் தரவில்லை!

தாய்மார்களே, பெயர் கூப்பிடும்போது சேலைத் தலைப்பில் கையைத் துடைக்காதீர்கள். அப்படியே வாருங்கள், அப்படியே வாங்குங்கள்! செவிகொடுத்த அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வாழ்க நீங்கள், வளர்க உங்கள் எழுத்து!