செத்தவன் அவுட்டு

கண்ணுங்களா, திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வரும்போது முன்சீட்டில் இரண்டு பேர் பேசியதைக் கேட்டபடியே எழுதுகிறேன். பேரெல்லாம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவர் முழங்காலில் கட்டுப் போட்ட கபடிக்காரர், கையில் ஒரு மாத நாவல். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர்.

"செத்தவன் அவுட்டு சார். அதுகூடத் தெரியாம ஒருத்தன் துப்பறியும் கதை எழுதியிருக்கான்," என்றார் கபடிக்காரர்.

"என்ன கதைங்க?"

"மில்லு டீமுல சம்பளத்துக்கு ஆடறவனுக்கு யாரோ விஷம் வெச்சுடறாங்க. பைனல்ல பாடிப் போறான். எதிராளி பக்கம் நின்னுக்கிட்டு, கபடி கபடின்னு பாடறத விட்டுட்டு, கொன்னவன் பேரைக் கத்திட்டு விழறான். ரெப்ரீ விசில் ஊதாம அழுவறானாம். செத்தவன் டீமுக்கே கப்பாம்."

"உருக்கமாத்தானே இருக்குது?"

"பாட்டை விட்டா அவுட்டு சார். பொணமாயிட்டா மட்டும் பாயிண்டு குடுப்பாங்களா?"

கண்ணாடிக்காரர் அவர் பக்கம் திரும்பினார். "அப்ப அவன் எங்கதான் சாகணும்?"

"திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொட்டுட்டு சாவட்டும். யார் வேணாம்னா?"

"அடுத்த கதையும் கபடிதான்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்குதே."

"அதுக்கு முன்னாடி எழுதினவரை ஒரு நாள் எங்க கிரவுண்டுக்கு வந்து மூச்சுப் புடிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

"அவரை எனக்கு எப்படிங்க தெரியும்?"

கபடிக்காரர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "பின்னட்டையில உங்க போட்டோ இருக்குது சார். அதைப் பாத்துட்டுத்தான் இந்த சீட்டுல வந்து உக்காந்தேன்."