கல்லின் மேல் இருந்த கால்

என் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி சரி. தெருவில் என்னை மருந்துக்கடை அக்கா என்றே அழைப்பார்கள். வயது நாற்பத்தெட்டு. மருத்துவமனைக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். அதே கடையின் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். யாரும் வற்புறுத்தாமல், நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

இந்த வழக்கில் காவலில் வைக்கப்பட்டிருப்பவள் என் தோழி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். வேன் பிள்ளைகள் அவளைக் குட்டை அக்கா என்பார்கள். அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். இறந்துபோனவர் அவளுடைய சொந்த அண்ணன். அவர் தச்சு வேலை செய்தவர். எனக்கும் அவருக்கும் எந்த முன்விரோதமும் கிடையாது. என் கடையின் மருந்து அலமாரியைச் செய்து கொடுத்தவரே அவர்தான்.

படகு அவர்களுடைய அப்பாவுடையது. அப்பா சாகும் முன் படகை மகளுக்கு என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு விடுமுறை நாட்களில் நானும் தோழியும் அதில் மீன் பிடிக்கப் போவது வழக்கமானது. நாங்கள் பிடிப்பது நீளக் கயிற்றுத் தூண்டிலில். ஒரே நீளக் கயிற்றில் முழத்துக்கு ஒன்றாகச் சிறு கிளைக் கயிறுகள் தொங்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முள் இருக்கும். கயிற்றின் இரு முனைகளிலும் பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றிச் செய்த கல் ஒவ்வொன்று கட்டியிருக்கும். முதல் கல்லை ஆற்றில் இறக்கிவிட்டுப் படகை நீரோட்டத்தோடு விட்டால், தொட்டியில் சுருட்டி வைத்த கயிறு தானாக வெளியே போகும். முட்களுக்கு இரை குத்தி அனுப்புவது தோழியின் வேலை. துடுப்பும் கடைசிக் கல்லும் என் பொறுப்பு. அந்தக் கல் படகின் பின்பக்கம், தண்ணீரை நோக்கிச் சரிந்த பலகையின் மேல் இருக்கும். அது வழுகிப் போகாமல் இருக்க நான் ஒரு காலை அதன் மேல் ஊன்றியிருக்க வேண்டும். கயிறு முழுவதும் போன பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னதாக எடுத்தால் மீதிக் கயிறு மொத்தமும் கல்லோடு சேர்ந்து பாயும், நடுவில் யார் கை இருந்தாலும் முள் கொத்திக்கொண்டு போகும். இதை எனக்கு முதல் நாளே தோழி சொல்லியிருந்தாள்.

சம்பவத்தன்று காலை நாங்கள் துறைக்குப் போனபோது அவளுடைய அண்ணன் படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். குடித்திருக்கவில்லை. அன்றைக்கு ஒரு நாள் படகைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டார். அவள் மறுத்தாள். அதற்கு அவர், "பலகை ஒவ்வொண்ணையும் இழைச்சது நான். வாயத் தொறந்து அப்பா சொன்னது உன் பேரை" என்றார். அதற்கு அவள், "இழைச்ச கைதானே முன்ன இருந்த படகைப் பாலத்துத் தூண்ல மோதி ஒடைச்சுது? போண்ணா, போய்க் கட்டில் செய்" என்றாள். துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து வழிவிட்டார். நாங்கள் படகைத் தள்ளிக்கொண்டு போனோம்.

அதன் பிறகு ஆற்றின் நடுவில் முதல் கல்லை இறக்கினோம். நான் கடைசிக் கல்லின் மேல் வலது காலை வைத்துக்கொண்டேன். தோழி இரை குத்தியபடியே என்னைக் கேலி செய்துகொண்டு வந்தாள். "கல்லுக்கு உன் கால் மேல ஆசை வந்துருக்கும்டி. கல்யாணம் பேசிரலாமா?" என்றாள். நான், "மாப்பிள்ளை கொஞ்சம் கனம்" என்றேன். கயிற்றில் பாதி வெளியே போயிருந்தது. முந்தின நாள் வைத்த கயிற்றில் கிடைத்த இரண்டு கெளுத்தி மீன்கள் படகின் அடியில் துடித்துக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில் அண்ணன் வேறொருவருடைய படகில் எங்களுக்குப் பின்னால் வந்து, எங்கள் படகின் பக்கவாட்டில் வேண்டுமென்றே மோதினார். அதன் பிறகு கையில் துடுப்போடு எங்கள் படகுக்குள் தாவினார். அவர் வந்த படகு கட்டப்படாமல் நீரோட்டத்தில் போய்விட்டது. நான் துடுப்பைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்து, "நீங்க உக்காருங்கக்கா. உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பித் தன் தங்கையின் வாயில் துடுப்பால் அடித்தார். முன்பற்கள் இரண்டு தெறித்து மீன்களுக்கு இடையில் விழுந்தன. அவள் கையால் வாயைப் பொத்தினாள். இரண்டாவது அடி காதோடு சேர்த்து விழுந்தது. காதின் கீழ்ப்பகுதி கிழிந்து தொங்கியது. அவள் சரிந்தபோது கயிற்றுத் தொட்டி கவிழ்ந்தது. சுருள் முழுவதும் அவர் காலடியில் விழுந்தது.

அதன் பிறகு அவர் அவள் முதுகில் முட்டியை வைத்து அழுத்தி, தலைமுடியைப் பிடித்து, படகின் விளிம்புக்கு வெளியே அவள் தலையைத் தண்ணீரில் முக்கினார். அப்படி மண்டியிட்டதில் அவருடைய கெண்டைக்காலிலும் தொடையிலும் முட்கள் ஏறின. ரத்தம் கால்சட்டையில் பரவியதை நான் பார்த்தேன். அவருக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை.

நான் அவ்வளவு நேரமும் என் இடத்தில்தான் இருந்தேன். ஏன் எழுந்து தடுக்கவில்லை என்று ஆய்வாளர் கேட்டதன் பேரில் சொல்கிறேன். எழுந்தால் கல் போகும். கயிறு அவள் முகத்துக்குக் கீழேயும் கிடந்தது. என் துடுப்பு அவர் முதுகை எட்டவில்லை. இரண்டு முறை வீசிப் பார்த்தேன், காற்றில்தான் போனது. "தம்பி, விட்டுருங்க, செத்துருவா" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை.

அவர் ஒருமுறை அவள் தலையை மேலே தூக்கி, "படகு யாரோடது? சொல்லுடி" என்று கேட்டார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, உடைந்த வாயோடு, "அப்பாவோடது" என்றாள். அவர் மறுபடியும் முக்கினார். இந்த முறை தூக்கவில்லை. அவளுடைய கால்கள் பலகையில் அடித்துக்கொண்டன. பிறகு ஒரு கால் நின்றுவிட்டது. அதன் பிறகு நான் எழுந்தேன்.

கல் போனது. பலகையில் உரசிய சத்தம் மட்டும் கேட்டது. நான் இரண்டு எட்டு எடுத்து வைப்பதற்குள் கயிறு விறைத்து, அவர் கால் பின்பக்கமாக இழுபட்டு, அவர் விளிம்பில் மார்பு இடிபட விழுந்தார். இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "அக்கா, கால்" என்றார். கை வழுக்கித் தண்ணீருக்குள் போனார்.

நான் தோழியை உள்ளே இழுத்துப் போட்டேன். அவள் தண்ணீரைக் கக்கினாள். கண் திறந்து பார்த்தவள், அண்ணன் இல்லை என்று கண்டதும், ஓடிக்கொண்டிருந்த கயிற்றை வெறும் கையால் பிடித்தாள். முட்கள் அவளுடைய இரு உள்ளங்கைகளிலும் ஏறி மறுபுறம் வந்தன. அவள் விடவில்லை. காலை விளிம்பில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். கயிறு அவளை இழுத்தது. இடுப்பு வரை வெளியே போய்விட்டாள், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. நான் மீன் அறுக்கும் கத்தியை எடுத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "அறுக்காதடி! அண்ணன் அதுல இருக்கான்!" என்று அலறினாள். நான் அவள் கைக்கு இரு பக்கமும் கயிற்றை அறுத்தேன்.

கல் கிடக்கும் இடம் தெரிவதற்காக அதனோடு மிதவையாகக் கட்டியிருந்த வெள்ளை எண்ணெய்க் கேன் சற்று தூரத்தில் மிதந்தது. கொஞ்ச நேரம் அது விட்டு விட்டு உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. பிறகு அசையாமல் நின்றது. தோழி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படகைக் கரைக்குத் தள்ளினேன். மதியம் தீயணைப்பு வீரர்கள் அந்தக் கேனை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடித்து எடுத்தார்கள்.

தோழியின் உள்ளங்கைக் காயங்கள், அவள் அண்ணனின் காலில் கயிற்றைச் சுற்றியபோது ஏற்பட்டவை என்று எழுதப்பட்டிருப்பதாக அறிகிறேன். அது தவறு. அவரை மேலே இழுக்க முயன்றபோது ஏற்பட்டவை. கல்லைத் தூக்கிப் போட்டது தான்தான் என்று அவள் சொல்லியிருப்பதாக ஆய்வாளர் தெரிவித்தார். அவள் தலை அப்போது தண்ணீருக்குள் இருந்தது. கல் எப்போது போனது என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பிறகு ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. மருத்துவமனையில் நான் பார்க்கப் போனபோது அவள் கட்டுப் போட்ட கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் வாங்கிப் போன ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நான் எழுந்தது அவளைக் காப்பாற்றவா, கல்லை விடவா என்று ஆய்வாளர் கேட்டார். அவளிடம் போவதற்கு எழுந்தேன். எழுந்தால் கல் போகும் என்று எனக்குத் தெரியும். அவர் காலில் முட்கள் இருந்ததும் தெரியும். அவள் முகம் கிழிபடலாம் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் எழுந்தேன்.

இந்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் எழுத்தர், பதற்றத்தில் என் கால் கல்லிலிருந்து வழுக்கிவிட்டது என்று எழுதியிருந்தார். அப்படி இருந்தால் எனக்கு நல்லது என்றும் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். என் கால் வழுக்கவில்லை. நான் எடுத்தேன். அந்த வரியை அடித்துவிட்டு அவ்வாறே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். திருத்தப்பட்டது. மற்றவை அனைத்தும் நான் சொன்னபடியே உள்ளன, உண்மையானவை. திருத்திய இடத்தில் ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கையொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)