நீர் வடித்த குழாய்கள்

ஐயா, வண்டியைக் குளிர்காலத்துக்கு மூடி வைப்பது பொறுமை கேட்கும் வேலை. கனடாவில் எங்கள் சஸ்கட்செவான் மாகாணத்தில் அக்டோபர் முடிவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும். குழாயில் சிறிது நீர் தங்கினாலும் அது உறைந்து குழாயைப் பிளந்துவிடும்.

சமையலறையும் படுக்கையும் கொண்ட அந்த மோட்டார்ஹோமை நானும் என் மனைவி டோரீனும் ஓய்வுக்காலப் பயணங்களுக்கென வாங்கினோம். சென்ற குளிர்காலத்தில் என் அண்ணன் ஆர்வில் அதில் குடியேறினார். நீரை வடிக்க அவர் விடவில்லை. ஜனவரியில் வண்டியைச் சூடாக வைக்கும் எரிவாயு தீர்ந்தபோது குழாய்கள் வெடித்தன, தரை அழுகியது. கோடை முழுவதும் நான் அதைச் செப்பனிட்டேன்.

இந்த அக்டோபரில் அவர் காலில் மாவுக்கட்டுடன் அதே வண்டியில் படுத்திருந்தார். வண்டியை மூடும் வேலைகளின் பட்டியலைப் பணிவுடன் காட்டினேன்.

"போடா லேலண்ட், லிஸ்ட் எழுதியே தலை நரைச்சவன் நீ. நான் இங்கேருந்து அசையமாட்டேன். முடிஞ்சா என்னையும் சேத்து மூடி வை," என்று சிரித்தார். பிறகு கைப்பேசியை நீட்டினார். "இதை சார்ஜ் போட்டுக் கொண்டா."

வலி மாத்திரையில் அவர் அயர்ந்ததும் வேலையைத் தொடங்கினேன். நீரை வடித்தேன். இளஞ்சிவப்பு நிற உறையாத் திரவத்தைக் குழாய்களில் செலுத்தினேன். எரிவாயுவை அடைத்தேன். எலி நுழையும் துளைகளில் இரும்பு நாரைத் திணித்தேன். வண்டியைக் கொட்டகைக்குள் ஓட்டிச் சென்று, வண்டிக் கதவு கொட்டகைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்குமாறு நிறுத்தினேன். முன்பக்கச் சன்னல் வழியே நான் இறங்கியபின், மற்றப் பக்கங்களை அறுவடை இயந்திரங்களால் நெருக்கினேன். பேட்டரியைக் கழற்றினேன். தடித்த உறையை இழுத்துக் கட்டினேன்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் குளிருக்கு அஞ்சி அரிசோனா சென்று ஏப்ரலில் திரும்புவர். ஆர்விலும் நண்பருடன் சென்றுவிட்டார் என்றேன். ஒருவரும் மேற்கொண்டு வினவவில்லை.

மூன்றாம் நாள் டோரீன் சமையலறைக்குள் வந்தாள்.

"லேலண்ட், கொட்டகைக்குள்ள ஏதோ தட்டுது."

"வண்டிக் குழாய்தான் டோரீன். தண்ணி உறையறப்ப அப்படித்தான் தட்டும்."

"போன வருஷம் மாதிரி வெடிச்சுத் தொலையப் போகுது. ஒரு எட்டு போய்ப் பாத்தா கொறஞ்சா போயிடுவ?"

"இந்த வருஷம் வெடிக்காது."

ஐந்தாம் நாள் சத்தம் நின்றது.

ஏப்ரலில் நான் உறையை அவிழ்த்தபோது ஒரு குழாயிலும் கீறல் இல்லை. அதைத் தாங்கள் என் வாக்குமூலத்தில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். டோரீன்மீது குற்றம் காணவேண்டாம். குழாய்தான் தட்டுகிறது என்று நான் கூறியதை அவள் நம்பினாள். நானும் நம்பினேன், ஐயா. அவற்றின் கடைசித் துளிவரை வடித்தவை என் கைகளே என்றபோதும்.