வடிகட்டிய தண்ணீர்

முதலில் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள், உமாபதி சார். இந்த வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறீர்கள். தாராளமாகக் குடிக்கலாம், இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டியது. நாங்கள் சமணர்கள், ஊரில் நயினார் என்பார்கள். வடிகட்டாத தண்ணீர் எங்கள் வீட்டில் அடுப்படிக்கே போகாது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அவற்றை விழுங்கிவிடக் கூடாது. வடிகட்டியதோடும் வேலை முடியாது. துணியைப் புரட்டி, வடித்த தண்ணீராலேயே அலசி, எந்தக் கிணற்றில் இறைத்தோமோ அந்தக் கிணற்றிலேயே அவற்றைத் திரும்ப விட வேண்டும். திருப்பருத்திக்குன்றத்தில் எங்கள் தெருவில் இதை இன்னும் ஒழுங்காகச் செய்கிறவன் நான் ஒருவன்தான் என்று என் மனைவி தயாவதியே சொல்வாள். அவள் அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை.

கடைச் சிப்பந்திகள் சங்கத்திலிருந்து நீங்கள் வந்திருப்பது சிட்டிபாபு விஷயமாக. நாலு மீன் செத்ததற்காக ஒருவனை வேலையை விட்டு நிறுத்தலாமா என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அவன் மனைவிக்கு நிறைமாதம் என்பதும் எனக்குத் தெரியும். நான் சொல்வதை வைத்துத்தான் அவனுக்கு வேலை திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும் என்றீர்கள். சொல்கிறேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றால், யாரும் என்னைக் கேட்கவில்லை. பொய் எங்களுக்கு ஆகாது. கேட்டால் சொல்லிவிடுவேன்.

எங்கள் பட்டு ஜவுளிக்கடை முதலாளி ஜீவந்தரன் வயதில் சின்னவர், எங்கள் சாதிசனம், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். போன வருஷம் மதராஸில் ஏதோ ஒரு கடையில் கண்ணாடித் தொட்டியில் மீன் விட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். புடவை எடுக்க வருகிற பெண்கள் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வருகிறார்கள், பிள்ளை சிணுங்கினால் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள், மீன் இருந்தால் பிள்ளைகள் அங்கேயே நிற்கும் என்பது அவர் கணக்கு. மூர்மார்க்கெட்டிலிருந்து தொட்டியும் தங்க நிற மீன்களும் வந்து இறங்கின. எங்கள் கடையில் புடவை விரித்துக் காட்ட இரண்டு மெத்தைகள். வாசலுக்கு நேராக இருப்பது என்னுடையது. உள்ளே தூண் ஓரமாக இருப்பது சிட்டிபாபுவினுடையது. தொட்டியைத் தூண் ஓரமாக வைத்தார்கள். வாசல் பக்கம் வெயில் அடிக்கும், மீனுக்கு ஆகாது என்றார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

முதல் தவணை மீன்கள் வந்த மறுநாளே மிதந்தன. அதில் எனக்குப் பங்கில்லை, எழுதிக்கொள்ளுங்கள். நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் மருந்து கலக்கிறார்கள் அல்லவா, அது மனிதனுக்கு நல்லது, மீனுக்கு மூச்சை அடைத்துவிடும். கடைக் கிணற்றில் உப்பு. ஆகவே குழாய்த் தண்ணீரைத்தான் ஏதாவது செய்து மீனுக்கு ஏற்றதாக ஆக்க வேண்டும் என்று ஆயிற்று. தண்ணீர் விஷயம் என்றால் விமலநாதன் மாமாவைக் கேளுங்கள் என்று ஜீவந்தரன் அந்தப் பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார்.

பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. குழாய்த் தண்ணீரின் மருந்தை முறிக்கவென்று மூர்மார்க்கெட்காரன் ஒரு நீலப் புட்டியை அனுப்பியிருந்தான். அதில் என்ன கலந்திருக்கிறது என்று மேலே எழுதியிருக்கவில்லை. எலும்போ கொழுப்போ எதுவாக இருந்தால் என்ன செய்வது, அதை நான் கையால் தொடவில்லை. தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வெயிலில் வைத்தால் மருந்து தானாகப் போய்விடும் என்றான் சிட்டிபாபு. போய்விடும், உண்மைதான். ஆனால் திறந்து வைத்த தண்ணீரில் கொசு முட்டையிடும், அந்தப் பாவம் யாருக்கு? கடைசியில் போட்டோ ஸ்டுடியோ தேவசகாயத்திடம் போனேன். படம் கழுவுகிற ஹைப்போ உப்பு அவரிடம் இருந்தது. குழாய்த் தண்ணீரின் மருந்தை அது நொடியில் முறித்துவிடும் என்றார்.

"பக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை போதும் நயினாரே. திருவிழா டைம்ல மட்டும் ரெண்டு மூணு சிட்டிகையா போடுங்க. கூட்டம் வருதுன்னு முனிசிபாலிட்டிக்காரன் மருந்த அள்ளிக் கொட்றான்."

ஹைப்போ நன்றாக வேலை செய்தது. அதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்தேன். தண்ணீர் சுமந்து வருவது சிட்டிபாபு, வடிகட்டுவது நான், ஹைப்போ போடுவது அவன். வடிகட்டும்போது துணியில் ஒன்றும் தங்குவதில்லை. நகராட்சியே எல்லாவற்றையும் முடித்து அனுப்பியிருக்கும். இருந்தாலும் வடிகட்டினேன், பழக்கம்.

இரண்டாம் தவணை மீன்கள் கொழுத்தன. கொழுத்ததற்குக் காரணம் என்ன என்று பார்த்தால், சிட்டிபாபு தினம் காலையில் பிள்ளையார்பாளையத்திலிருந்து வருகிற வழியில் சாக்கடை ஓரத்தில் கொசுப்புழுவை ஒரு கொட்டாங்குச்சியில் வாரிக்கொண்டு வந்து தொட்டியில் கவிழ்ப்பான். பிள்ளைகள் கை தட்டும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். நாலு மீன் ஒரு நாளைக்கு எத்தனை உயிரைத் தின்கிறது, ஒரு வருஷத்துக்கு எத்தனை. நாலு உயிருக்காக லட்சம் உயிரா? இந்தக் கணக்குதான் சார், வேறெதுவும் இல்லை. அந்த மீன்கள் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது.

பட்டுப்புழுவைப் பற்றிக் கேட்கிறீர்கள். எல்லாரும் கேட்பதுதான். அதெல்லாம் மைசூர் பக்கம் நடக்கிறது. என் மெத்தைக்கு வரும்போது அது புடவை.

சிட்டிபாபு நல்ல பையன். வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். தறியில் உட்கார்ந்தவன் என்பதால் புடவையைப் புரட்டுகிறபோதே அதில் எந்த இழை எங்கே தளர்ந்திருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவான். விற்கிறவன் அப்படிச் சொல்லலாமா? நான் எத்தனையோ தரம் கண்டித்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே, "அவங்க கட்டிக்கினு போய் நாலு பேர் முன்னால நிக்கணும் இல்ல நயினாரே" என்பான். அந்தச் சிரிப்புக்காகவே அவன் பக்கம் போய் உட்காருகிறவர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் மீனைப் பார்க்க ஓடும், தாய்மார்கள் பிள்ளைகளின் பின்னால் போவார்கள், போன இடத்தில் மெத்தை இருக்கும்.

இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று ஆகக் கூடாது. வாலாஜாபேட்டை அரிசி மில்காரர் வீட்டுக் கமலவேணி அம்மாள். அந்த வீட்டுக்கு நான் புடவை காட்ட ஆரம்பித்தபோது அந்த அம்மாளே கல்யாணப் பெண். தலைப்பொங்கல், சீமந்தம், எல்லாம் என் மெத்தையில்தான். மூத்த பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் என்று தை மாதமே சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தறிக்காரரிடம் சொல்லி, அரக்கு நிறத்தில் மாம்பழக் கரை போட்டு, முந்தியில் அன்னப்பட்சி வைத்து, முகூர்த்தப் புடவை ஒன்று நெய்யச் செய்து பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தேன். வேறு யாருக்கும் அதைப் பிரித்துக்கூடக் காட்டவில்லை. சித்திரையில் வந்தார்கள். கூட வந்த சின்னப் பையன் மீன் மீன் என்று உள்ளே ஓடினான். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "இருங்க நயினாரே, இவன ஒரு நிமிஷம் பாத்துக்கினு வந்துட்றேன்" என்றார்கள். போய் உட்கார்ந்துவிட்டார்கள். முகூர்த்தப் புடவை, நிச்சயப் புடவை, சம்பந்திக்கு, நாத்தனாருக்கு, எல்லாம் தூண் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அரக்குப் புடவை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் தயாவதி தட்டை வைத்துவிட்டு நின்றாள். கொசுப்புழுக்கள் படுகிற பாட்டை அவளிடம் எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "மீனு தின்னுதுன்னா இத்தினி மாசமா தின்னுக்கினுதானே இருக்குது. இன்னிக்கி இன்னாத்துக்குத் திடீர்னு?" என்றாள். அவளுக்குத் தத்துவம் அவ்வளவாகப் பிடிபடாது.

வைகாசியில் கருட சேவை வந்தது. ஊரே மனிதத் தலை. முந்தின நாள் தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றிவிடுங்கள், கண்ணாடி பளிச்சென்று இருக்கட்டும் என்றார் ஜீவந்தரன். சிட்டிபாபு குழாயடியிலிருந்து சுமந்தான். குடத்தைத் திறந்தாலே மருந்து நெடி மூக்கில் ஏறியது. திருவிழாக் காலத்தில் ஹைப்போ அதிகம் போட வேண்டும் என்று தேவசகாயம் சொன்னது எனக்கு நினைவிருந்தது. சிட்டிபாபு, "ஒரு சிட்டிகை போதுமா நயினாரே?" என்று கேட்டான். நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. மௌனம் பொய் ஆகாது.

எங்கள் நூல்களில் கொலையை மூன்றாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. தானே செய்வது, பிறரைச் செய்யவைப்பது, செய்தவனை மெச்சுவது. நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். தண்ணீரில் மருந்து போட்டது நகராட்சி. சுமந்தது சிட்டிபாபு. தொட்டியில் ஊற்றியதும் அவன். நான் யாரையும் ஏவவில்லை, யாரையும் மெச்சவும் இல்லை. நான் செய்ததெல்லாம் வடிகட்டியது.

பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சிட்டிகையோ பத்துச் சிட்டிகையோ, அவன் எவ்வளவு போட்டிருந்தாலும் ஒன்றுதான். பாட்டிலில் இருந்தது கற்கண்டு. முகூர்த்தப் புடவை எடுக்கிறவர்களுக்குச் சந்தனத் தட்டில் வைத்துக் கொடுக்கிற கற்கண்டு, அதே அலமாரியில்தான் இருக்கும். உடைத்துவிட்டால் ஹைப்போவுக்கும் அதற்கும் பார்வையில் வித்தியாசம் தெரியாது. தண்ணீர் மாற்றிய அன்று காலையில் கடை திறந்ததும் மாற்றிவைத்தேன். மிச்சமிருந்த ஹைப்போவைப் பொட்டலம் கட்டி, ஒரு துளி குறையாமல் தேவசகாயத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறர் பொருள் எங்களுக்கு ஆகாது. கற்கண்டால் யாருக்குக் கெடுதல்? போகிற உயிர்களுக்கு வாயில் ஒரு இனிப்பு, அவ்வளவுதான்.

மறுநாள் கடை திறந்தபோது நாலும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. எடுத்துப் போடுவதற்குள் முதல் போணிக்கு ஒரு கல்யாணக் கோஷ்டி உள்ளே வந்துவிட்டது. பெண்ணின் அத்தை தொட்டியைப் பார்த்தாள். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இதுவா என்று அப்படியே திரும்பினார்கள். வண்டி நிறைய ஆள், பொருள் வாங்குகிற கூட்டம், எதிர்க்கடைக்குள் நுழைந்தது. ஜீவந்தரனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஹைப்போ போட்டாயா இல்லையா என்று சிட்டிபாபுவைப் பிடித்துக்கொண்டார். போட்டேன் என்றான் அவன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாமா, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. இவன் ஹைப்போ போட்டத பாத்தீங்களா?"

"ஹைப்போ போட்டத நான் பாக்கல தம்பி" என்றேன். அது சத்தியமான வார்த்தை.

சிட்டிபாபு என்னைப் பார்த்தான். பாட்டிலை அவன் கையில் எடுத்துக் கொடுத்ததே நான்தான். அதை அவன் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. சிட்டிகை போட்ட தன் விரல்களைப் பார்த்தான். பிறகு முதலாளியிடம் மெதுவாகச் சொன்னான்.

"நயினார் பொய் சொல்ல மாட்டாருங்க. நான்தான் வேலை மும்முரத்துல மறந்துட்டேன் போலக்குது."

அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்கவில்லை, பெருமைதான். ஒரு மனிதன் தன் கை செய்ததை விட என் வாக்கை நம்பினான் என்றால், இத்தனை வருஷம் நான் இருந்த இருப்புக்கு அது ஒரு சான்று அல்லவா? அன்று முழுவதும் நான் பட்டினி இருந்தேன். சதுர்த்தசி, எப்படியும் இருக்க வேண்டிய நாள்தான்.

இப்போது செவிலிமேட்டில் பஸ் நிற்கிற இடத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறான் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. கஷ்டமாக இருக்கிறது. அவனைத் திரும்ப வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் சொன்னதையெல்லாம் அப்படியே ஜீவந்தரனிடம் சொல்லலாம். அவர் என்னைப் போகச் சொன்னால் போய்விடுகிறேன். சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன். நான் இருக்கிற கடை என்று நம்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மீன் தொட்டியை மட்டும் மறுபடி வைக்க வேண்டாம். அப்படி வைத்தே தீர வேண்டும் என்றால் வாசல் பக்கம், என் மெத்தை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். வெயிலுக்கு ஒரு தட்டி கட்டிக்கொள்ளலாம், ஹைப்போ நானே போட்டுக்கொள்கிறேன், கொசுப்புழு விஷயத்தையும் ஏதாவது சமாளித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கமலவேணி அம்மாளின் இரண்டாவது பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணமாம். அவர்கள் வருகிற அன்று மட்டும் சிட்டிபாபுவை எங்காவது வெளி வேலையாக அனுப்பிவைக்கச் சொல்லுங்கள் சார். அந்த வாயில்லா உயிர்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.