சத்தம் வராத அறை

தம்பி: அந்த முனையைக் கெட்டியாப் பிடிக்கா. விட்டா சுவத்துப் பூச்சும் சேர்ந்து வந்துடும்.

அக்கா: பிடிச்சுட்டுதான் இருக்கேன். ஒட்டும்போதே இப்படி உயிரைக் கொடுத்து ஒட்டியிருக்க வேண்டாம் நீ.

தம்பி: கஸ்டமர்னா நாலு ஆணியோட விட்டிருப்பேன். அக்கா வீடாச்சேன்னு பசையும் போட்டேன்.

அக்கா: ம்... பெரிய மனசுதான்.

தம்பி: சத்தத்தை அடைக்கிற இந்தப் பஞ்சுப் பலகையை எல்லாம் என்ன பண்ணப் போற?

அக்கா: நீயே எடுத்துட்டுப் போ. எந்த ஆபீஸுக்காவது ஆகும். நாளைக்கு அப்பா ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றதுக்குள்ள கட்டிலை இங்க போட்டாகணும். இங்கேருந்துதான் பாத்ரூம் பக்கம். வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு ஹாலைத் தாண்டி நடக்கிறதெல்லாம் இப்போதைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

தம்பி: அப்ப உன் மேசை?

அக்கா: ஹால்ல.

தம்பி: டிவிக்குப் பக்கத்துலயா? மறுபடியும் பழைய கதையாக்கா? டாக்டருங்க வாய்க்குள்ளயே முணுமுணுத்து ரெக்கார்டு பண்ணி அனுப்புவாங்க. நீ அதைக் காதுல மாட்டிக் கேட்டு டைப் அடிக்கணும். நடுவுல அப்பா...

அக்கா: ‘அம்மாடி, என் கண்ணாடியைப் பார்த்தியா?’

தம்பி: கண்ணாடி நெத்தியில இருக்கும்.

அக்கா: காலமெல்லாம் பஸ்ல கண்டக்டரா இருந்தவர். முன்படியில நின்னு கத்தினா பின்படிக்குக் கேட்கணும். வீட்டுக்குள்ளயும் அதே குரல்தான். ஹெட்ஃபோன் போட்டிருந்தாலும் டாக்டர் குரலுக்கு மேல ஏறி வரும்.

தம்பி: அதனாலதானே அந்தத் தப்பு...

அக்கா: ஆமா. ஃபிஃப்டீன்னு சொன்னதை ஃபிஃப்டின்னு அடிச்சுட்டேன், பதினஞ்சு அம்பதாயிடுச்சு. ஒருத்தருக்குக் கொடுக்கிற மருந்தோட அளவு. நல்லவேளை, சரிபார்க்கிற பொண்ணு கண்ணுல பட்டுது. இன்னொரு தடவை ஆனா வீட்ல உட்கார்ந்து செய்ற பேச்சே கிடையாதுன்னுட்டார் மேனேஜர். ஆபீஸுக்குப் போயிட்டா அப்பாவை யார் பார்க்கிறது?

தம்பி: எப்ப சௌகரியமோ அப்ப உட்காருங்கன்னு உன் ஆபீஸ்காரங்கதானே சொன்னாங்க? அது வசதிதானே?

அக்கா: அதுல இருக்கிற வம்பு உனக்குத் தெரியாது. எப்ப வேணும்னாலும் வேலை பார்க்கலாம்னா, எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம்னு ஆகிடுது. அப்பாவை விடு. கரண்ட் ரீடிங் எடுக்க வர்றவர், பக்கத்து வீட்டுக்காரி... ஏன், நீயே? பிள்ளைங்களைக் கொண்டு வந்து விட்டுட்டு, ‘நீ வீட்லதானே இருக்க’ன்னு...

தம்பி: சரி சரி, என்னை விட்டுடு. அந்தச் சுத்தியலை எடு.

அக்கா: இந்தா. விரல்ல போட்டுக்காதே.

தம்பி: யோசிச்சுப் பார்த்தா சிரிப்பா இருக்குக்கா. ஆபீஸ் ஆபீஸாப் போய்ச் சுவரை இடிச்சு ஒரே ஹாலாக்கிக் கொடுக்கிறேன். எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்த்துட்டே வேலை பார்க்கணுமாம். உனக்கு மட்டும்தான் இண்டு இடுக்கெல்லாம் அடைச்சு மூடிக் கொடுத்தேன்.

அக்கா: உன் கைவேலையைக் குத்தம் சொல்ல முடியாது. கதவைச் சாத்தினா கிணத்துக்குள்ள இறங்கின மாதிரி இருக்கும். சாயங்காலம் வரைக்கும் இழுக்கிற வேலை மத்தியானத்துக்கு முன்னாடியே முடிஞ்சுடும். ஒரு தப்பு கிடையாது. இந்த ரூமோட போட்டோவை மேனேஜர் மத்தவங்களுக்கு எல்லாம் காட்டினாராம், இப்படி வச்சுக்கோங்கன்னு.

தம்பி: ரூம் யோசனை யாரோடதுன்னு நினைக்கிற?

அக்கா: உன்னோடதுதான். அப்பா அளக்கிற டேப்போட ஒரு முனையைப் பிடிச்சுட்டு நின்னார், அது ஞாபகம் இருக்கு.

தம்பி: அதுக்கு முன்னாடியே தனியா என் கடைக்கு வந்தார்க்கா. ‘சாமான் அறையைக் காலி பண்ணி அவளுக்கு ஒரு ரூம் போட்டுக் கொடுடா, என் குரல் உள்ள போகக் கூடாது’ன்னார். ரூம் வாசல்ல, நீ வேலை பார்க்கிறப்ப எரியிற மாதிரி சிவப்பு விளக்கு வைக்கச் சொன்னதும் அவர்தான். கூப்பிடக் கூடாத நேரம் எதுன்னு எனக்குத் தெரியணும்லன்னு கேட்டார். ஏன் உரிக்கிறதை நிறுத்திட்ட?

அக்கா: ஒண்ணுமில்ல... கை வலிக்குது.

தம்பி: கொஞ்சம் உட்காரு. நான் உரிக்கிறேன்.

அக்கா: அந்த விளக்கு வந்தப்புறம் அவர் ஆளே மாறிட்டார்டா. செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட நடப்பார். டிவில சத்தத்தை அடைச்சுட்டுப் படம் மட்டும் பார்ப்பார். அப்புறம் அப்புறம் விளக்கு எரியாத நேரத்துலகூட மெதுவாத்தான் பேசினார். நான் கவனிக்காம இல்ல. நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன்.

தம்பி: ஆஸ்பத்திரிலயும் அதே கதைதான். பெல்லை அவர் கைக்குள்ளயே வச்சிருக்காங்க. தண்ணி வேணும்னாகூட அழுத்த மாட்டேங்கிறார். நர்ஸ் தானா வர்ற வரைக்கும் கதவையே பார்த்துட்டுப் படுத்திருக்கார்.

அக்கா: நர்ஸ் என்கிட்டயும் சொன்னா.

தம்பி: எல்லாம் என்னாலதான்.

அக்கா: ஆரம்பிச்சுட்டியா?

தம்பி: இல்லக்கா. கதவுக்கு அடியில ரப்பர் பட்டை வச்சேன் பாரு... அதை மட்டும் வைக்காம இருந்திருந்தா அன்னைக்கு அவர் விழுந்த சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். உன் கதவுலேர்ந்து ரெண்டு கை தூரம். இடுப்பெலும்பு உடைஞ்சு கிடக்கார். நீ உள்ள எவனோ ஒரு டாக்டர் சொல்றதை அடிச்சுட்டு இருக்க. உனக்கு எப்படித் தெரியும்? உன்மேல என்ன...

அக்கா: அடிக்கல.

தம்பி: என்ன?

அக்கா: அன்னைக்கு அடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லடா. எல்லாத்தையும் காலையிலயே முடிச்சு அனுப்பிட்டேன்.

தம்பி: விளக்கு எரிஞ்சுதே. நான் வந்தப்பகூட எரிஞ்சுட்டு இருந்துச்சு...

அக்கா: நான்தான் அணைக்கல. ஹெட்ஃபோனைக் கழட்டி மேசையில வச்சுட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்னைக்கு மட்டும் இல்ல. கொஞ்ச நாளாவே அப்படித்தான். வேலைக்குன்னுதான் ரூம் வேணும்னு நினைச்சேன், அது பொய் இல்ல. ஆனா வேலை முடிஞ்சு வெளிய வந்தா யாராவது கூப்பிடுவாங்க. உள்ள இருக்கிற வரைக்கும் நான் யாருக்கும் வேண்டாம். அது எப்படி இருந்துச்சு தெரியுமா? கால் வலிக்க நின்னுட்டு உட்கார்ந்த மாதிரி... அதான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு.

தம்பி: சரிக்கா. விடு.

அக்கா: எப்படிடா விடறது? பசிச்சு வெளிய வந்தப்பதான் பார்த்தேன். சுவரோரமா ஒருக்களிச்சுக் கிடந்தார். முழிச்சுட்டுத்தான் இருந்தார். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும், ‘முடிஞ்சுதாம்மா?’ன்னு கேட்டார்.

தம்பி: நீ என்ன சொன்ன?

அக்கா: ‘இப்பதான்ப்பா’ன்னேன். என்ன அப்படிப் பார்க்கிற? திட்டணும்னா திட்டிடு.

தம்பி: நான் எப்படிக்கா உன்னைத் திட்டுவேன்...

அக்கா: நீ ஒவ்வொரு தடவையும் கதவு, ரப்பர்னு உன்னையே அடிச்சுக்கிறப்ப எனக்கு எப்படி இருக்கும்? இன்னும் ஒண்ணு மட்டும் மனசு ஆற மாட்டேங்குது. அவர் போன் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. விளக்கு எரியுதுன்னு என்னைக் கூப்பிடல, சரி. வேற யாருக்காவது ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?

தம்பி: பண்ணார்க்கா. எனக்குத்தான். ஒரு ஆபீஸ்ல அளவெடுத்துட்டு இருந்தேன். விழுந்துட்டேன்னு சொல்லல... ‘வேலையா இருக்கியாடா?’ன்னு கேட்டார். ஆமாப்பான்னேன். ‘சரி, பாரு’ன்னு வச்சுட்டார்.